சிகாகோவில் ஆளில்லாத ஞாயிறுகள்... ரோட்டரியைத் தொடங்கிய வக்கீலின் கதை!

ஏதாவது ஒரு ஊருக்குள் பஸ் நுழையும்போது கவனிச்சிருக்கீங்களா? ஊர் எல்லையில் ஒரு பலகை நிற்கும். மஞ்சளும் நீலமுமாக ஒரு பல் சக்கரம், பக்கத்தில் ரோட்டரி சங்கம் உங்களை வரவேற்கிறது என்று எழுதியிருக்கும். அதே சக்கரத்தை கண் சிகிச்சை முகாம் பேனரில் பார்த்திருப்பீங்க, பள்ளிக்கூட வாசலில் பார்த்திருப்பீங்க, பஸ் ஸ்டாப் நிழற்குடையில்கூட பார்த்திருப்பீங்க. கல்லூரியில் ரோட்டராக்ட் கிளப்பில் பேர் கொடுத்து ரத்த தான முகாமுக்கு நாற்காலி போட்ட ஆளாகக்கூட நீங்க இருக்கலாம்.

அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கார். பெயர் பால் ஹாரிஸ். அமெரிக்கர், வக்கீல். 1947-லேயே இறந்துவிட்டார். உலகத்துக்குச் சேவை செய்யணும் என்ற பெரிய கனவோடு கிளம்பி வந்த மனுஷன் என்று நினைச்சுக்கிட்டா ஏமாந்துபோவீங்க. அவருக்கு அப்போது தேவைப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். பேச்சுத்துணைக்கு நாலு பேர்.

வேலைக்காக ஊரை விட்டு வந்து சென்னையிலோ பெங்களூரிலோ பி.ஜி. ரூமில் தங்கியிருக்கும் உங்களுக்கு இது சட்டுனு புரியும். வாரநாள் எப்படியோ ஓடிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் பெரிய பாடு. துணி துவைச்சாச்சு, பிரியாணி சாப்பிட்டாச்சு, போனில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தும் முடிச்சாச்சு. அப்புறம்? அந்த 'அப்புறம்?'தான் இந்தக் கதையோட ஆரம்பம்.

அப்பாவின் கடை மூழ்கியது

பால் ஹாரிஸ் பிறந்தது 1868 ஏப்ரல் 19, விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ரசீன் என்ற ஊரில். அப்பா ஜார்ஜ் அங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். வியாபாரம் கைகொடுக்கவில்லை. வரவுக்கு மீறிய செலவு, கடன், கடைசியில் கடையே போச்சு. மூணு வயசுப் பையனையும் அவன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிய அப்பா, வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் இருந்த தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளை ஒப்படைத்தார். அதுக்குப் பிறகு பால் வளர்ந்ததெல்லாம் அந்த வீட்டில்தான். பெற்றோர் உயிரோடு இருந்தும் தாத்தா வீட்டுப் பிள்ளையாக வளர்வது எப்படிப்பட்ட அனுபவம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

தாத்தா ஹோவர்ட் ஹாரிஸ் கண்டிப்பானவர், சிக்கனக்காரர். அதே சமயம் பேரனின் படிப்புக்கு என்றால் கையை இறுக்கியதே இல்லை. வாலிங்ஃபோர்டு மலையடிவாரத்து ஊர். யார் வீட்டில் என்ன சமையல் என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பால் அங்கே படு வாலு. பள்ளியிலும் சேட்டை, வெர்மான்ட் பல்கலைக்கழகத்திலும் சேட்டை. 1886-ல் ராகிங் விவகாரம் ஒன்றில் நாலு மாணவர்களை வெளியேற்றினார்கள். அதில் இவரும் ஒருத்தர். வேடிக்கை என்னன்னா, அந்தக் குறிப்பிட்ட சம்பவத்தில் மட்டும் இவருக்குத் தொடர்பே கிடையாது. பல வருஷம் கழித்து அதே பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது.

அப்புறம் பிரின்ஸ்டனில் சேர்ந்தார். ஒரு வருஷத்தில் தாத்தா இறந்துவிட, படிப்பு நின்றது. சலவைக்கல் கம்பெனி ஒன்றில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, அயோவா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1891-ல் பட்டம் வாங்கினார். 23 வயசு, கையில் வக்கீல் பட்டம். நம்ம வீடாக இருந்தால் அடுத்த வாரமே போர்டு மாட்டி, பெண் பார்க்க ஆரம்பிச்சிருப்பாங்க.

பால் வேறு மாதிரி யோசித்தார். தொழிலை ஆரம்பிக்கும் முன் அஞ்சு வருஷம் ஊர் சுற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். இன்று அதுக்கு ஸ்டைலாகப் பெயர் இருக்கு, இன்ஸ்டாகிராம் பேஜும் இருக்கு. அன்று இவரிடம் காசே கிடையாது. அதனால் போன இடத்தில் எல்லாம் கிடைத்த வேலையைச் செய்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் பத்திரிகை நிருபர். கலிஃபோர்னியாவில் பழம் பறிக்கும் கூலி, உலர்திராட்சை பேக்கிங். லாஸ் ஏஞ்சலஸில் வணிகக் கல்லூரி ஆசிரியர். டென்வரில் நாடக நடிகர், கூடவே மாடு மேய்க்கும் வேலையும். ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் ஊரில் ஹோட்டல் இரவு க்ளார்க், பிறகு சலவைக்கல் விற்பனையாளர். இங்கிலாந்தைப் பார்க்கும் ஆசையில் மாடு ஏற்றிப்போகும் கப்பலில் கூலியாளாக ஏறினார். அந்தக் கப்பல் வாழ்க்கை நாற்றமும் அழுக்கும் பட்டினியுமாக இருந்தும், லண்டனைப் பார்க்க முடியாமல் திரும்பியதால் மறுபடியும் அதே மாதிரி ஒரு கப்பலில் ஏறிப் போனார்!

இந்த அஞ்சு வருஷத்தை அவரது வாழ்க்கை வரலாற்றில் சிலர் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கென்னவோ இதுதான் முக்கியமான படிப்பு என்று தோன்றுகிறது. பழக்கூலி, நிருபர், நடிகர், க்ளார்க் என எல்லா வேலைக்காரர்களோடும் ஒரே தட்டில் சாப்பிட்டவருக்குத்தான், வேறு வேறு தொழில்காரர்களை ஒரே மேஜையில் உட்காரவைக்கும் யோசனை வந்திருக்க முடியும்.

17 லட்சம் பேர், ஒரு நண்பர்கூட இல்லை

1896-ல் சிகாகோவில் வக்கீல் அலுவலகம் திறந்தார். அப்போது அசுர வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்த நகரம் அது. 1900 கணக்குப்படி சுமார் 17 லட்சம் மக்கள். கசாப்புத் தொழிற்சாலைகள், ரயில்கள், வானுயரக் கட்டடங்கள். வியாபாரத்தில் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது சர்வசாதாரணம். பாலுக்கு வழக்குகள் வந்தன, கட்சிக்காரர்கள் வந்தார்கள். நண்பர் என்று சொல்ல ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வாரமும் ஒரு புது சர்ச்சுக்குப் போய்ப் பார்த்தார். பூங்காக்களில் நடந்தார். சாயங்காலம் ரூமுக்குத் திரும்பினால் மறுபடியும் அதே நாலு சுவர்.

1900-ல் ஒரு நாள் சக வக்கீல் ஒருத்தர் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். சாப்பிட்டு முடித்து இருவரும் தெருவில் நடந்தார்கள். வழியில் இருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவரையும் அந்த நண்பர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார், பாலையும் அறிமுகப்படுத்தினார். பாலுக்கு அங்கேயே வாலிங்ஃபோர்டு ஞாபகம் வந்துவிட்டது. பெரிய நகரத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஊரை உண்டாக்க முடியுமா? இந்தக் கேள்வி அவர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லீங்க, அஞ்சு வருஷம்!

1905 பிப்ரவரி 23, வியாழக்கிழமை. குளிர்கால இரவு. சிகாகோ டியர்பார்ன் தெருவில் யூனிட்டி பில்டிங், 711-ம் எண் அறை. அது கஸ்டாவஸ் லோர் என்ற சுரங்கப் பொறியாளரின் ஆபீஸ். உள்ளே நாலு பேர். லோர், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலே, தையல்காரர் ஹைரம் ஷோரி, வக்கீல் பால் ஹாரிஸ். பெரிய தீர்மானம் எதுவும் போடவில்லை. மூணு விஷயம் பேசிக்கொண்டார்கள். ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தான் சேர முடியும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் இடத்தில் கூடணும். மிஸ்டர் போட்டுக் கூப்பிடக் கூடாது, பெயர்தான்.

அப்படி இடம் மாறி மாறிச் சுழன்றதால்தான் ரோட்டரி என்ற பெயர். மூணாவது கூட்டம் நடந்தது ஷீலேயின் நிலக்கரிக் கிடங்கில். கோட்டு சூட்டுப் போட்ட வக்கீல் கரித்தூசிக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அடுத்து ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் வந்தார், கூட்டத்தில் எல்லாரையும் பாட வைத்தார். முதல் தலைவர் பதவி பாலுக்கு இல்லை, ஷீலேக்குத்தான்.

ஒரு உண்மையை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் இது நட்பும் வியாபாரமும் கலந்த கூட்டம். தையல் வேலையா, ஷோரியிடம் கொடு. கரி வேணுமா, ஷீலேயிடம் வாங்கு. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று கணக்கு எழுதவே தனியாக ஒரு பொறுப்பாளர் இருந்தார். இப்போது நட்சத்திர ஹோட்டல்களில் காலை ஏழு மணிக்குக் கூடி விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இப்படியே போயிருந்தால் இன்னொரு வியாபாரிகள் சங்கமாக முடிந்து, ஃபைலில் தூங்கியிருக்கும்.

முடியவில்லை. காரணம், சேர மாட்டேன் என்று சொன்ன ஒருத்தர்.

1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலை உறுப்பினராகச் சேர அழைத்தார்கள். அவர் சங்க விதிகளைப் படித்துப் பார்த்தார். உறுப்பினர்களுக்கு மட்டும் லாபம் தரும் சங்கத்தால் வெளியே இருக்கிறவனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டு, சேர மறுத்துவிட்டார். பொதுவாக இப்படி ஒருத்தர் கேட்டால் நாம என்ன செய்வோம்? குரூப்பை விட்டுத் தூக்குவோம், இல்லையென்றால் அவரைப் பற்றித் தனியாக ஒரு குரூப் ஆரம்பிப்போம். பால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். நகரத்துக்கு நன்மை செய்வது என்று மூன்றாவதாக ஒரு நோக்கம் விதிகளில் ஏறியது. கார்ட்டரும் சேர்ந்தார்.

முதல் திட்டம்... கழிப்பறை!

சேவை என்று எழுதியாச்சு. என்ன செய்வது? 1907-ல் பால் சங்கத் தலைவரானதும் கையில் எடுத்த விஷயம், பொதுக் கழிப்பறை.

முகம் சுளிக்காதீங்க. சிகாகோ மையப்பகுதிக்கு வேலைக்கும் கடைக்கும் வருகிற ஆயிரக்கணக்கான பேருக்கு ஒதுங்க இடமில்லை. ஆண் என்றால் மதுக்கடைக்குள் நுழையணும், நுழைந்தால் ஒரு பீராவது வாங்கணும். பெண் என்றால் பெரிய துணிக்கடைக்குள் போகணும், சும்மா போய் வந்தால் பார்வை ஒரு மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற பெண்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பீர் தயாரிப்பாளர்களும் டிபார்ட்மென்ட் ஸ்டோர்காரர்களும்தான் குறுக்கே நின்றார்கள். எங்க இடத்தில்தான் வசதி இருக்கே, தனியாக எதற்கு என்பது அவர்கள் வாதம். இலவசக் கழிப்பறை வந்தால் அவசரத்துக்கு உள்ளே வரும் வாடிக்கையாளர் போய்விடுவாரே! ரோட்டரி ஆட்கள் மற்ற பொதுநல அமைப்புகளையும் சேர்த்துக் கூட்டுக்குழு அமைத்து, நகர நிர்வாகத்தை விடாமல் நச்சரித்தார்கள். இரண்டு வருஷ இழுபறிக்குப் பிறகு 1909-ல் நகர மன்றக் கட்டடம் பக்கத்தில் பொதுக் கழிப்பறை வந்தது.

இன்று உலகம் முழுக்க சுமார் 12 லட்சம் உறுப்பினர்கள் இருக்கும் ஒரு அமைப்பின் முதல் பெரிய சாதனை இதுதான். இதைவிட நல்ல தொடக்கம் இருந்திருக்க முடியாது என்பது என் கட்சி. சிலை வைக்கவில்லை, மண்டபம் கட்டவில்லை. யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற ஒரு தேவையைத் தீர்த்தார்கள்.

அதுக்குள் பாலுக்கு இன்னொரு ஆசை வந்திருந்தது. மற்ற ஊர்களிலும் இதைத் தொடங்கணும். சிகாகோ நண்பர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நம்ம கூட்டம் நம்மோடு இருக்கட்டுமே என்றார்கள். உரசல் முற்றியதும் பால் சிகாகோ சங்கத் தலைமையை விட்டுவிட்டு வெளியூர் வேலையில் இறங்கினார். 1908-ல் சான் ஃபிரான்சிஸ்கோ. 1910-ல் 16 சங்கங்கள் சேர்ந்து தேசிய அமைப்பு, அதற்குத் தலைவர் பால். அதே வருஷம் கனடாவின் வின்னிபெக், அடுத்து டப்ளின், லண்டன். முதல் நாலு பேரில் லோரும் ஷோரியும் சீக்கிரமே விலகிப் போனார்கள். கடைசிவரை கூட நின்றது கரி வியாபாரி ஷீலே மட்டும்தான்.

இதற்கு நடுவில் ஒரு காதல் கதையும் உண்டு. நடைப்பயண கிளப் ஒன்றோடு காட்டுப்பக்கம் போனபோது முள்கம்பி வேலியில் மாட்டி பாலின் கோட்டு கிழிந்தது. தைத்துத் தருகிறேன் என்று முன்வந்தவர் ஜீன் தாம்சன், ஸ்காட்லாந்துப் பெண். அறிமுகமாகி மூணே மாதத்தில், 1910 ஜூலையில் கல்யாணம். எடின்பரோவில் ஜீன் வாழ்ந்த தெருவின் பெயரான காம்லி பேங்க் என்பதையே பின்னாளில் தங்கள் சிகாகோ வீட்டுக்கு வைத்தார்கள். குழந்தைகள் இல்லை.

கணவரோடு நாடு நாடாகப் போய் ரோட்டரி கூட்டங்களில் கலந்துகொண்டார் ஜீன். ஆனால் உறுப்பினராக அவரால் ஆக முடியாது. பெண்களுக்கு அனுமதி இல்லை! தனிமை என்றால் என்ன என்று தெரிந்த மனிதர் கட்டிய வீட்டுக்குள் பாதி உலகத்துக்கு இடமில்லாமல் போனது. அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோகலாம், எனக்கு மனசு வரவில்லை. 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1989-ல்தான் விதி மாறியது. பால் போய் 42 வருஷம் கழித்து.

26 டாலர் 50 சென்ட்

1912-க்குப் பிறகு பாலின் உடம்பு படுத்தியது. தலைமைப் பொறுப்பை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டுப் பல வருஷம் ஒதுங்கியிருந்தார். அவர் இல்லாமலே வண்டி ஓடியது. ஓஹாயோ மாநிலத்தின் எலிரியா ஊரில் எட்கர் ஆலன் என்று ஒரு தொழிலதிபர். 1907-ல் டிராம் விபத்தில் மகனைப் பறிகொடுத்தார். சரியான மருத்துவமனை இல்லாததால் போன உயிர் அது. தொழிலை விற்று மருத்துவமனை கட்டினார். அங்கே வந்த பிறகுதான் இன்னொன்று அவர் கண்ணில் பட்டது. உடல் ஊனமுற்ற குழந்தைகளை வெளியே காட்டாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்காக ரோட்டரி சங்கங்களைத் திரட்டி 1919-ல் ஒரு அமைப்பு தொடங்கினார். அது தேசிய அளவில் வளர்ந்தபோது நிர்வாகக் குழுவின் முதல் தலைவராக உட்கார்ந்தவர் பால் ஹாரிஸ்.

வெளிநாட்டுச் சேவைக்கான விதை இன்னும் சின்னது. 1917-ல் அட்லாண்டா மாநாட்டில் அப்போதைய தலைவர் ஆர்ச் க்ளம்ஃப், உலக நன்மைக்காக ஒரு நிரந்தர நிதி வேண்டும் என்றார். அடுத்து வந்த முதல் நன்கொடை, கான்சஸ் சிட்டி சங்கம் மாநாட்டுச் செலவு போக மிச்சமாக அனுப்பியது. 26 டாலர் 50 சென்ட். அவ்வளவுதான்! அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த நிதி நத்தை மாதிரிதான் ஊர்ந்தது.

இந்தியாவில் முதல் சங்கம் 1920-ல் கல்கத்தாவில் முறைப்படி தொடங்கியது. சென்னைக்கு 1929-ல் வந்தது. பால் மறுபடி பயணம் கிளம்பிய காலமும் அதுதான். போன நாட்டில் எல்லாம் நட்பின் அடையாளமாக ஒரு மரம் நட்டார். 1932-ல் பெர்லினில் நட்டார், 1935-ல் டோக்கியோவில் நட்டார். இரண்டு வருஷங்களையும் இரண்டு ஊர்களையும் மறுபடி பாருங்க. 1937-ல் நாஜி ஜெர்மனியில் ரோட்டரி கலைந்தது. 1940-ல் ஜப்பானிலும் கலைந்தது. பிறகு உலகப் போர். நட்பால் போரைத் தடுத்துவிடலாம் என்று நம்பிய எழுபது வயசு மனிதருக்கு அந்த வருஷங்கள் எப்படி இருந்திருக்கும்?

1945-ல் ஷீலே இறந்தார். 1947 ஜனவரி 27 அன்று, 78 வயதில், பால் ஹாரிஸும் சிகாகோவில் கண்ணை மூடினார். அப்போது 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் சங்கங்கள் இருந்தன. மாலை, பூங்கொத்து வேண்டாம், அந்தக் காசை நிதிக்குக் கொடுங்கள் என்பது அவர் விருப்பம். அடுத்த 18 மாதங்களில் குவிந்தது சுமார் 13 லட்சம் டாலர். முப்பது வருஷமாக ஊர்ந்த நிதி, அவர் செத்த பிறகு எழுந்து ஓடியது. முதல் வேலையாக 1947-லேயே 18 மாணவர்களை வெளிநாட்டில் படிக்க அனுப்பினார்கள்.

அந்த நிதி இன்று வேலை செய்யும் முறையிலேயே பால் தெரிகிறார். பெரிய சர்வதேச மானியம் வேண்டுமென்றால் ஒரு சங்கம் தனியாகக் கேட்க முடியாது. திட்டம் நடக்கும் நாட்டில் ஒரு சங்கம், வேறு நாட்டில் ஒரு சங்கம், இரண்டும் கைகோத்தால்தான் பணம். திட்டம் குறைந்தது 30,000 டாலர் அளவில் இருக்கணும். டயாலிசிஸ் மெஷினோ, குடிநீர்த் திட்டமோ, எதுவானாலும் கடல் தாண்டி ஒரு கூட்டாளியைத் தேடிப் பிடிச்சாகணும்.

அந்த நிதி செய்ததிலேயே பெரிய வேலை போலியோ ஒழிப்பு. 1979-ல் பிலிப்பைன்ஸில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டமாக ஆரம்பித்தது. 1985-ல் உலகத்துக்கே கொடுக்கலாம் என்று துணிந்தார்கள். திரட்ட நினைத்தது 12 கோடி டாலர், 1988-க்குள் கிடைத்தது 24 கோடியே 70 லட்சம். அந்த வருஷம் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கைகோத்தபோது 125 நாடுகளில் போலியோ இருந்தது. வருஷத்துக்கு சுமார் மூன்றரை லட்சம் பேர் முடங்கினார்கள். இதுவரை ரோட்டரி கொடுத்தது 200 கோடி டாலருக்கும் மேல். இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச் 27 அன்று நம் நாட்டுக்குப் போலியோ இல்லாத சான்றிதழ் கிடைத்தது. பக்கத்தில் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் வேலை மிச்சமிருக்கு.

சிகாகோவின் மவுன்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் பால் ஹாரிஸ் இருக்கிறார். பக்கத்திலேயே ஷீலே. முதல் கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்த வக்கீலும் கரி வியாபாரியும் இப்போதும் அருகருகே.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது அம்மாவிடம் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்க. சின்ன வயசில் உங்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலோ பால்வாடியிலோ வரிசையில் நின்றிருப்பார். ஷாமியானா, ஐஸ் பெட்டி, மஞ்சள் தொப்பி போட்ட சில மாமாக்கள். வாயில் இரண்டு சொட்டு, இடது கை சுண்டுவிரலில் மை. அது அநேகமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும்.